மொழி என்னும் திறவுகோல்
பாத்திரமேற்பு ஆட்டங்களில் மொழிகற்றல் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

புதிய கலைவடிவமொன்று தோன்றும்பொழுது அதனை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுவதும், அது வேரூன்றிய பின்னரே ஆராயத் தலைப்படுவதும் விமர்சன உலகின் பழைய வழக்கமாகும். நாவலும் திரைப்படமும் இவ்வழக்கிற்கு உட்பட்டனவே. மேசையொன்றைச் சுற்றியிருந்து ஆடப்படும் பாத்திரமேற்பு ஆட்டங்கள் தோன்றி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. எனினும் எமது விமர்சனப் பரப்பில் அவை இடம்பெறுதல் அரிதாகவே உள்ளது. அவ்வாட்டங்களின் எல்லாக் கூறுகளையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரேயொரு வினாவை மட்டும் நாம் எடுத்துக்கொள்வோம். ஆட்டத்தில் வரும் பாத்திரமொன்று தான் அறியாத மொழியை எவ்வாறு கற்றுக்கொள்கிறது? விதிநூல்கள் இதற்கு அளித்துள்ள விடைகள், மொழி என்பது யாது என அவற்றின் ஆசிரியர்கள் கருதினர் என்பதையும் உடன் புலப்படுத்துகின்றன.

இவ்வாட்டத்தை அறியாதார்க்கு அதன் அமைப்பினைச் சுருங்கக் கூறுதல் தகும். நால்வர் அல்லது ஐவர் மேசையைச் சுற்றி அமர்வர். அவருள் ஒருவர் நெறியாளர். கதை நிகழும் உலகையும் அங்கு எதிர்ப்படுவோரையும் அவரே முன்வைப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அது என்ன பேசுகிறது, என்ன செய்கிறது என்பதைத் தீர்மானித்துக் கூறுவர். செயலின் வெற்றி தோல்வி ஐயத்திற்குரியதாயின் பகடை உருட்டப்படும். பாத்திரத்தின் ஆற்றல்கள் எண்களாக ஒரு தாளில் எழுதப்பட்டிருக்கும். நெறியாளர் எமது கூத்து மரபின் அண்ணாவியாரை ஒத்தவர் எனச் சிலர் கருதக்கூடும். ஆயின் அண்ணாவியாரின் கையில் ஏடு உண்டு. நெறியாளரிடம் முடிந்த பிரதி எதுவும் இல்லை. மேசையில் இருப்போர் அனைவரும் கூடியே கதையை ஆக்குகின்றனர். இந்நிலையில் விதிநூல் எதனை அளக்கிறதோ அதுவே கதையில் நிகழத்தக்கதாகிறது. எதனை அளவாது விடுகிறதோ அது பெரும்பாலும் நிகழாமலே போய்விடுகிறது. ஆதலின் விதிகளையும் இலக்கியப் பிரதியைப் போன்றே விமர்சனத்திற்கு உட்படுத்தலாம்.

பொதுமொழி யாருடைய மொழி?

1974ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் அதன் ஆசிரியர்கள். படைகளைப் பொம்மைகளாக நிறுத்தி ஆடப்பட்ட போர்க்கள விளையாட்டுகளிலிருந்து கிளைத்த ஆட்டம் இது. மொழி பற்றிய விதி அதன் முதற் பதிப்பிலேயே இடம்பெற்றிருந்தது. மனிதரிற் பெரும்பாலோர் பொதுமொழி ஒன்றைப் பேசுவர். பேசவல்ல பிற உயிரினங்களுக்குத் தத்தம் மொழி உண்டு; அவற்றுள் நூற்றுக்கு 20 மட்டும் பொதுமொழியையும் அறியும். ஒரு பாத்திரத்தின் மதிநுட்பம் 10இற்கு மேற்படின், மேற்பட்ட ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மேலதிக மொழி அதற்கு வாய்க்கும். மதிநுட்பம் 15 உடைய ஒருவன் பொதுமொழி, தன் சார்புக்குரிய மொழி, வேறு ஐந்து உயிரினங்களின் மொழிகள் என ஏழு மொழி பேசுவான்.

இவ்விதியில் இரண்டு கருதுகோள்கள் மறைந்துள்ளன. முதலாவது, பன்மொழி அறிவு மதிநுட்பத்தின் விளைவு என்பது. இதில் ஆசானுக்கு இடமில்லை. அயலவருக்கும் சந்தைக்கும் தொழிலுக்கும் இடமில்லை. உலகெங்கும் துறைமுகத்திலும் தோட்டத்திலும் உழைப்போர் இரண்டு மூன்று மொழிகளைப் பேசுகின்றனர். அவர்கள் அவற்றைத் தேவையாலும் உடனுறைவாலும் பெற்றவர்களேயன்றி, மதிநுட்பப் புள்ளிகளால் பெற்றவர்களல்லர்.

இரண்டாவது, பொதுமொழி இயல்பாகவே பொதுவானது என்பது. 'த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' (1954 - 1955) நாவலிலும் இத்தகைய பொதுமொழியொன்று வருகிறது. ஆனால் அதன் ஆசிரியர் ரோல்கீன் மொழிநூல் அறிஞர். கடல்கடந்து வந்தோர் கரையோரங்களிற் குடியேறி அரசமைத்ததன் வழியே அம்மொழி பரவியது என அவர் அதற்கு ஒரு வரலாற்றையும் அளித்தார். ஆட்டத்தில் அவ்வரலாறு உதிர்ந்து, வசதி மட்டும் எஞ்சியது. 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பை நோக்குவோம். எல்ஃப் இனப் பாத்திரம் பொதுமொழியையும் எல்ஃப் மொழியையும் அறியும். குள்ளர் இனப் பாத்திரம் பொதுமொழியையும் குள்ளர் மொழியையும் அறியும். மனிதப் பாத்திரமோ பொதுமொழியையும், தான் விரும்பிய வேறொரு மொழியையும் அறியும். மனிதருக்கெனத் தனியாக ஒரு மொழி அங்கு குறிக்கப்படவில்லை. இதன் பொருள் யாதெனில், மனிதரின் மொழியே பொதுமொழி எனப் பெயர்பெற்றுவிட்டது என்பதாகும். ஏனையோர்க்கு இரண்டாம் மொழி கடமை. மனிதருக்கு அது விருப்பத் தெரிவு. ஆதிக்கமுடையோரின் மொழி தன் பெயரை இழந்து 'பொது' என்னும் பெயரைச் சூடிக்கொள்வது நடைமுறை உலகிலும் காணப்படுவதே.

அதே நூலின் அட்டவணையொன்று ஓர்க் இனத்தாரின் மொழி குள்ளரின் எழுத்தில் எழுதப்படுவதாகக் கூறும். ஓர்க்குகளும் குள்ளரும் இவ்வாட்ட மரபிற் பரம்பரைப் பகைவர்கள். ஒரு மக்கட்கூட்டம் தன் பகைவரின் எழுத்தைக் கடன்கொள்ள நேர்ந்தமை ஒரு நாவலுக்குப் போதிய கருவாகும். அது அட்டவணையின் ஒரு கட்டத்துள் ஒற்றைச் சொல்லாக அடங்கிக்கிடக்கிறது.

விலையும் காலமும்

பிற்காலப் பதிப்புகள் முதற் பதிப்பின் விதியைப் பல வகையாக மாற்றின. அவற்றுள் விந்தையானது 1978இன் நூலிற் காணப்படும் சார்பு மொழி பற்றிய விதி. நன்மை, தீமை, ஒழுங்கு, குழப்பம் என்னும் ஒழுக்கச் சார்பு ஒவ்வொன்றிற்கும் ஒரு மறைமொழி உண்டு. சார்பை மாற்றிக்கொண்ட பாத்திரம் பழைய சார்பின் மொழியைப் பேசும் ஆற்றலை இழந்துவிடும். கொள்கை மாறியதும் மொழி நாவைவிட்டு அகல்வதென்பது நம்புதற்கரியது. 1989இன் இரண்டாம் பதிப்பில் இம்மொழிகள் கைவிடப்பட்டன. எனினும் ஒன்று குறிப்பிடத்தக்கது. மொழிக்கும் சமூக உறுப்புரிமைக்கும் உள்ள தொடர்பைக் கோணலாகவேனும் உணர்ந்திருந்த விதி இது. அதனை நீக்கியவர்கள் அத்தொடர்பையும் சேர்த்தே நீக்கினர்.

2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் மொழி விலைப்பொருளாயிற்று. படிநிலை உயரும்பொழுது பெறப்படும் திறன்புள்ளிகளுள் இரண்டைச் செலுத்தினால் ஒரு மொழி கிடைக்கும். பாணர் முதலாய சிலருக்கு ஒரு புள்ளியே போதும். ஏனைய திறன்களுக்குப் பகடை உருட்டவேண்டும். மொழிக்கு உருட்ட வேண்டியதில்லை. ஒரு மொழி தெரியும், அன்றேல் தெரியாது. இடைநிலை ஒன்றும் இல்லை.

2014இன் பதிப்பு ஓரடி முன்வைத்தது எனலாம். கற்பிக்க இசையும் ஆசான் ஒருவரைக் கண்டடைய வேண்டும். நாளொன்றுக்கு ஒரு பொற்காசு வீதம் 250 நாட்கள் பயிலவேண்டும் என அது வகுத்தது. 2017இல் வந்த துணைநூல் இதனை வாரத்திற்கு 25 பொற்காசு வீதம் பத்து வேலைவாரங்களாகச் சுருக்கியது. மதிநுட்பம் மிக்கோர்க்கு அதிலும் குறையும். காலமும் ஆசானும் விதிக்குள் வந்தமை வரவேற்கத்தக்கதே. ஆயினும் அப்பயிற்சி ஒரு சாகசத்திற்கும் அடுத்த சாகசத்திற்கும் இடைப்பட்ட ஓய்வுக் காலத்தில், மேசையில் ஒருவரும் பேசாத காலத்தில், நடந்துமுடிகிறது. ஆசான் ஊதியம் பெறும் ஒரு நிழலாகவே நிற்கிறார். அவர் யார், தம் மொழியை அந்நியனுக்கு ஏன் கற்பிக்கிறார், எதைக் கற்பிக்க மறுக்கிறார் என்னும் வினாக்கள் எழுவதில்லை. 249ஆம் நாள் இரவுவரை ஒன்றும் அறியாதவன் 250ஆம் நாள் முடிவில் எல்லாம் அறிந்தவனாகிறான். இவற்றோடு, அந்நிய மொழிகளை ஒரு மணிநேரம் விளங்கவைக்கும் மந்திரமொன்று மந்திரக் கலையின் முதற்படியிலேயே கிடைக்கிறது.

இவ்விதிகள் அனைத்திற்கும் அடிப்படையான உவமை பூட்டும் திறவுகோலும் ஆகும். அந்நியரின் பேச்சு ஒரு பூட்டு. மொழியறிவு அதற்குரிய திறவுகோல். திறவுகோல் கையில் இருக்கும் அல்லது இராது. பாதித் திறவுகோல் என்பது கிடையாது. மொழி இங்கு உடைமையே, உறவன்று.

நூற்றுவீதமும் கல்வியும்

வேறு வழியிற் சென்ற ஆட்டங்களும் உண்டு. 1981இல் முதன்முதல் வெளிவந்த 'கோல் ஒஃப் கதுல்ஹு' மொழியறிவை நூற்றுவீதமாக அளக்கிறது. அதன் ஏழாம் பதிப்பின்படி, பிறமொழி அறிவு நூற்றுக்கு 1 என்னும் அடிமட்டத்திலிருந்து தொடங்கும். 5 ஆயின் அம்மொழி இன்னதென இனங்காணலாம். 10 ஆயின் எளிய கருத்துகளைப் பரிமாறலாம். 30 ஆயின் கொடுக்கல் வாங்கல் பற்றிய பேச்சு விளங்கும். 50 ஆயின் சரளமாகப் பேசலாம். 75 ஆயின் தாய்மொழியாளராகவே நடிக்கலாம். ஆட்டத்தின்போது ஒரு திறனை வெற்றியுடன் பயன்படுத்தியவர் அதனைத் தாளிற் குறித்துக்கொள்வார். பின்னர் பகடை உருட்டி, தம்மிடம் ஏற்கெனவே உள்ள எண்ணைவிட மிகுதியாக விழுந்தாற் சில புள்ளிகள் முன்னேறுவார். குறைவாக அறிந்தவர்க்கு முன்னேற்றம் எளிது. நிறைய அறிந்தவர்க்கு அரிது. மொழிகற்ற எவரும் இதன் உண்மையை ஒப்புக்கொள்வர். பேசிப் பேசியே மொழி வளரும் என்னும் கொள்கை இங்கு விதியாகவே அமைந்துவிட்டது.

ஆனால் இதே நூலில் ஒரு முரண்பாடும் உண்டு. பாத்திரத்தின் தாய்மொழி அறிவு அதன் கல்விப் புள்ளிக்குச் சமம் என நூல் வகுக்கிறது. கல்விப் புள்ளி 40 ஆகவும் அமையலாம். அவ்வாறாயின் பள்ளிப்படிப்புக் குறைந்த ஒரு மீனவர், நூலின் அளவுகோற்படியே, தம் தாய்மொழியைச் சரளமாகப் பேசத் தகுதியற்றவராகிறார்! அன்றாடப் பேச்சுக்குப் பகடை உருட்டுவதில்லை என்பது உண்மையே. ஆசிரியர்கள் இதனைக் கருதி எழுதியிருக்கமாட்டார்கள் என்பதும் உண்மையே. எனினும் எழுத்தறிவையே மொழியறிவாகக் கொள்ளும் படித்த வர்க்கத்தின் பார்வை இவ்வெண்ணின்வழி வெளிப்படுகிறது. பள்ளிக்கூடம் காணாத உழவரின் நாவிற் கூத்துப் பாடல்களும் ஒப்பாரியும் நொடியும் வாழக்கண்ட எமக்கு இது உடனே புலனாகும்.

'கேர்ப்ஸ்' என்னும் ஆட்டத்தின் நான்காம் பதிப்பு (2004) இக்குறையை ஓரளவு தவிர்க்கிறது. அது மொழியறிவைச் சிதைந்த நிலை, அயல்வாடை உள்ள நிலை, தாய்மொழி நிலை என மூன்றாக வகுக்கிறது. பேச்சையும் எழுத்தையும் தனித்தனியே கணிக்கிறது. பேசத் தெரிந்து எழுதத் தெரியாதவரும், வாசிக்கத் தெரிந்து பேச நாணுபவரும் இதனால் ஆட்டத்துள் இடம்பெறுகின்றனர். எண்ணிக்கை சிறிதாயினும் நுட்பம் பெரிது.

ஒரு தடை

இதுவரை கூறியவற்றிற்கு நியாயமான தடையொன்று எழுப்பப்படலாம். ஆட்டம் இலக்கண வகுப்பன்று. ஐவர் கூடியிருக்கும் மேசையில் ஒருவர் மட்டும் ஓர்க் மொழி அறிந்தவராயின், ஏனைய நால்வரும் வாளாவிருக்க அவரும் நெறியாளரும் மட்டுமே பேசிக்கொண்டிருப்பர். ஒவ்வொரு சந்திப்பிலும் மொழித்தடை குறுக்கிட்டாற் கதை நகராது. பொதுமொழி பிறந்தது ஆதிக்க நோக்கினாலன்று. மாலைப்பொழுது வீணாகாதிருக்கவே என்பது இத்தடையின் சாரம்.

இதில் உண்மை உண்டு. அதனை மறுத்தல் நேர்மையாகாது. ஆனால் இத்தடை மொழித்தடைகளின் எண்ணிக்கைக்கே பொருந்தும். அவற்றின் தன்மைக்குப் பொருந்தாது. எல்லாச் சந்திப்புகளிலும் மொழி குறுக்கிட வேண்டுமென எவரும் கேட்கவில்லை. குறுக்கிடும் ஓரிடத்தில் அது என்ன செய்கிறது என்பதே வினா. போரினை ஆறு நொடிச் சுற்றுகளாகப் பகுத்து, வீசும் வாள் ஒவ்வொன்றையும் கணக்கிடும் ஒரு விதிநூல், மனிதன் மனிதனைப் புரிந்துகொள்ளும் முயற்சியை மட்டும் ஒரு வரியிற் கடந்துசெல்வதற்கு நேரமின்மை காரணமாகாது. எது நாடகம், எது நாடகமன்று என்னும் மதிப்பீடே காரணமாகும். போர்க்கள விளையாட்டின் வாரிசாகப் பிறந்த வடிவத்திற்கு அடிபடுதல் நாடகமாகத் தெரிந்தது. தடுமாறுதல் அவ்வாறு தெரியவில்லை.

தடுமாற்றமே ஆட்டமாகியபோது

அண்மைய ஆட்டங்கள் இரண்டு இம்மதிப்பீட்டைத் தலைகீழாக்கியுள்ளன. இரண்டையும் ஆக்கியோர் கத்ரின் ஹைம்ஸ், ஹாக்கான் செய்யாலிஓலு ஆகிய இருவருமாவர். 'சைன்' என்னும் ஆட்டம் 1977இல் நிக்கரகுவாவின் தலைநகர் மனாகுவாவில் நிகழ்கிறது. தமக்கெனப் பொதுவான மொழியெதுவும் இன்றி வளர்ந்த செவிப்புலனற்ற சிறார்கள் அங்கு பள்ளியொன்றில் ஒன்றுகூடினர். அக்கூட்டுறவிலிருந்து புதிய சைகைமொழியொன்று பிறந்தது. இது வரலாற்று உண்மை. ஆடுவோர் வாய்பேசாது அச்சிறார்களாகிச் சைகைகளைத் தாமே ஆக்கிக்கொள்கின்றனர். ஒவ்வொருவருக்கும் பிறருக்குக் கூறவேண்டிய உண்மையொன்று உண்டு. புரியாமையும் புரிந்துகொள்ளப்படாமையும் இங்கு தோல்விகளல்ல. ஆட்டத்தின் பொருளே அவைதாம்.

2018இல் வெளிவந்த 'டயலெக்ட்' மறுமுனையிலிருந்து தொடங்குகிறது. தனித்துவிடப்பட்ட சமூகமொன்றின் மக்களாக ஆடுவோர் தமக்கேயுரிய சொற்களை ஒவ்வொன்றாக ஆக்குகின்றனர். அவற்றைப் பேச்சிற் பயன்படுத்துகின்றனர். இறுதியில் அச்சமூகத்தின் தனிமை கலைய அம்மொழியும் அழிகிறது. மேசையிலிருந்து எழும்பொழுது, வேறெவருக்கும் விளங்காத சில சொற்கள் ஆடியவர்களின் நாவில் எஞ்சியிருக்கும். மொழி இங்கு திறவுகோலன்று. மக்கள் கூடிக் கட்டி, கூடி இழக்கும் வீடு. எண்களும் பொற்காசுகளும் இன்றியே மொழியை ஆட்டமாக்கலாம் என்பதற்கு இவை சான்று.

எமது மேசை

இவ்வினா எனக்கு விதிநூல்களிலிருந்து எழவில்லை. எமது விடுதியில் ஐவர் கூடி வார இறுதிகளில் இவ்வாட்டத்தை ஆடிவருகிறோம். மூவர் தமிழர், இருவர் சிங்களவர். ஆட்டம் ஆங்கிலத்திலேயே நடக்கிறது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழியாதல் வேண்டுமெனவும், ஆங்கிலம் இணைப்பு மொழியாதல் வேண்டுமெனவும் கூறுகின்றது. எமது மேசையிலும் பொதுமொழி அவ்வகையினதே. எம்முள் எவருடைய தாய்மொழியும் அதுவன்று.

ஒருநாள் எனது பாத்திரம் படிநிலை உயர, நான் தாளில் 'கொப்லின் மொழி' என எழுதிக்கொண்டேன். அதனைக் கண்ட சிங்கள நண்பர், தாம் கற்றுவரும் தமிழில், "ஒரு ராத்திரியில எப்படிப் படிச்ச?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அவர் தமிழ் கற்கத் தொடங்கி அப்பொழுது இரண்டு ஆண்டு நிறைந்திருந்தது. முதலாண்டு விடுமுறையில் எம் வீட்டிற்கு வந்திருந்தபொழுது, அவர் என் தாயாரை நோக்கி, "அம்மா, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டார். நானும் அம்மாவை 'நீ' என அழைப்பதில்லை. தவறு என உணர்ந்து அவர் முகம் சிவந்தார். அம்மாவோ சிரித்துக்கொண்டு, "என்ர பிள்ளை கேட்ட மாதிரி இருக்கு" என்று கூறி அவருக்குச் சோறிட்டார். அன்று தொடக்கம் இன்றுவரை அவர் அம்மாவுக்குப் பிள்ளைதான். 'நீங்கள்' என்பதை அவர் பின்னர் செம்மையாகக் கற்றுக்கொண்டார். ஆயின் அம்மாவிடம் மட்டும் அதனைப் பயன்படுத்த அம்மா விடுவதில்லை.

எனது சிங்களமோ இன்றும் கடைக்குப் போதுமானதேயன்றி வாதத்திற்குப் போதாது. அவரோடு பேசும்பொழுது என் கருத்துகள் என் சொற்களின் அளவுக்குச் சுருங்கிவிடுகின்றன. அச்சுருக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும் அவரது பொறுமையும், அவர் தடுமாறும்பொழுது நான் காக்கும் பொறுமையும் எமது நட்பின் பெரும்பகுதி. ஒரு மணிநேரம் மொழியறிவு தரும் மந்திரம் எமக்குக் கிடைத்திருப்பின் பல விடயங்களை நாம் விரைவிற் பேசியிருப்போம். ஆனால் அந்தச் சோற்றுத் தட்டு வந்திராது.

இதன் பின்னர் எமது மேசையில் மூன்று சிறு வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டோம். மொழியறிவை இல்லை, அரைகுறை, சரளம் என மூன்றாகக் கொள்கிறோம். அரைகுறையாக அறிந்த பாத்திரத்தை ஏற்றவர் ஐந்து சொற்களுக்கு மேற்படாத வாக்கியங்களிலேயே பேசவேண்டும். நெறியாளரும் மறுமொழியின் சாரத்தைக் கூறி, ஒரு முக்கிய சொல்லை மட்டும் மறைத்துவிடுவார். இரண்டாவதாக, ஓய்வுக் காலத்தில் எந்த மொழியும் கற்கப்படுவதில்லை. கதையில் வரும் ஒருவரே ஆசானாதல் வேண்டும். அவருக்குப் பெயரும் குடும்பமும் கற்பிப்பதற்கு ஒரு காரணமும் இருத்தல் வேண்டும். மூன்றாவதாக, ஒவ்வோர் அமர்விலும் மொழித்தடை ஓரிடத்தில் மட்டுமே குறுக்கிடலாம். முற்கூறிய தடைக்கு இதுவே எமது விடை. எனது கொப்லின் மொழியைத் தாளிலிருந்து அழித்துவிட்டு, சிறைக்காவலனாயிருந்த கிழக் கொப்லின் ஒருவனிடம் நான்கு அமர்வுகளிற் கற்றேன். நாம் தப்பிச்சென்ற இரவில் அவனைத் தாக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. கதை அதனால் நீண்டது. வேறு திசையில் திரும்பவும் செய்தது.

தொகுத்து நோக்குமிடத்து, பெரும்பாலான பாத்திரமேற்பு ஆட்டங்கள் மொழியின்மையையும் மொழியறிவையும் மட்டுமே கண்டன. இரண்டிற்கும் இடைப்பட்ட நீண்ட பாதையைக் காணத் தவறின என்பது புலனாகும். மனிதர் ஒருவரையொருவர் நம்பத் தொடங்குவதும், இகழ்வதும், மன்னிப்பதும் அப்பாதையிலேதான். தமிழில் இத்தகைய ஆட்டங்களை ஆக்க முனைவோர் இதனை மனங்கொள்ளல் நன்று. நீயும் நீங்களும் வேறாக உள்ள மொழி எமது. எழுத்தும் பேச்சும் வேறாக உள்ள மொழி எமது. அதனைக் கற்கவரும் ஒருவன் எத்தனை இடங்களில் தடுக்கி விழக்கூடும் என்பதை நாமே நன்கறிவோம். அவன் விழும் இடங்களை விதியில் எழுதிவைப்போமாயின், அங்கு அவனுக்குக் கைகொடுப்பவர் யார் என்னும் கதையை ஆடுவோர் தாமே கண்டுகொள்வர்.